கரிசல் தடத்தில் எது இடிக்கிறது?

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்துப் பட்டாசு ஆலைகள் ஊரை ஒட்டி அமைவதில்லை. 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் அதன்கீழ் வந்த 2008ஆம் ஆண்டு விதிகளும் ஆலைக்கும் குடியிருப்புக்கும் நடுவே இடைவெளி கேட்கின்றன. ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவிலும் கேட்கின்றன. ஆகவே தார்ச்சாலையை விட்டு இறங்கி, சீமைக்கருவேலம் இருபுறமும் வண்டியை உரசும் மண்தடத்தில் போனால்தான் பல ஆலைகளின் வாசல் வரும். கோடையில் அந்தத் தடம் இறுகிக் கிடக்கும், பிரச்சினை இல்லை. ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் கரிசல் ஊதிக் களியாகிவிடும். லாரியும் டிராக்டரும் உழுதுவிட்டுப் போன இரண்டு பள்ளங்களுக்கு நடுவே ஒரு மேடு எழுந்து நிற்கும். பின்னால் வரும் பிக்கப்பின் வயிறு அந்த மேட்டில்தான் உட்காருகிறது. தீபாவளிச் சரக்கு கடைசியாக நகரும் நாட்களும் பெரும்பாலும் அதே ஐப்பசியில்தான் வருகின்றன.

மாவட்டத்தின் மேற்கு விளிம்பில் நிலம் வேறு மாதிரி. வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கத்து மலையடிவாரத் தோப்புகளில் மாங்காயும் தேங்காயும் இறக்கப் போகிறவர்களுக்குக் கரிசல் இல்லை. அங்கே ஓடைக்கல்லும் அரித்துப்போன வண்டிப்பாதையும்தான் எதிரி. இந்த இரண்டு பக்கத்திலும் நாலு சக்கரமும் இழுக்கும் பழைய ஜீப்போ பிக்கப்போ வைத்திருப்பவர் ஏதோ ஒரு மழைக்காலம் முடிந்ததும் ஒர்க்‌ஷாப்பில் கேட்பது ஒரே கேள்விதான்: வண்டியை ஒரு ரெண்டு இன்ச் தூக்கிவிட முடியுமா, அதிகம் செலவில்லாமல்?

முடியும். ஆனால் அந்தக் கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்று இருக்கிறது. தடத்தில் இடிப்பது வண்டியின் எந்தப் பாகம்? இதைக் கேட்காமல் செலவழித்த பணத்தில் பெரும்பகுதி வீண் என்பதுதான் என் உறுதியான எண்ணம். கையில் காசு குறைவாக இருப்பவர்களே இதை அதிகம் செய்கிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மகிந்திரா நிறுவனம் 1947இல் வில்லிஸ் ஜீப்பை இங்கே கோர்க்கத் தொடங்கிய நாளிலிருந்து, நம் ஊர்ச் சுமை வண்டிகளின் பின்பக்க அமைப்பு அதிகம் மாறவில்லை. இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் முழு ஆக்சில் ஹவுசிங், அதன் நடுவில் உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியல், இருபுறமும் ஸ்பிரிங் பட்டைக் கட்டு. பொலேரோ பிக்கப்பிலும் அப்படித்தான், இசுசு டி-மேக்ஸிலும் அப்படித்தான். பழைய ஜீப்புகளிலும், 1985இல் வந்த மாருதி ஜிப்சியிலும் முன்பக்கமும் அதே ஏற்பாடு. இதில் சஸ்பென்ஷனை உயர்த்தினால் உயர்வது சேசிஸும் பாடியும் மட்டும். ஆக்சில் ஹவுசிங் டயரின் நடுமையத்தோடு பிணைந்தது. பட்டையில் நான்கு அங்குலம் ஏற்றினாலும் டிஃபரன்ஷியல் தரையிலிருந்து இருந்த உயரத்திலேயேதான் இருக்கும். கரிசல் தடத்தின் நடுமேட்டில் முதலில் உட்காருவது பெரும்பாலும் அந்த உருண்டைதான்.

அதை உயர்த்த ஒரே வழி டயர். அதிலும் விட்டத்தில் கூடுவதில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும். 215/75 ஆர்15 டயரின் விட்டம் கணக்குப்படி ஏறத்தாழ 703 மில்லிமீட்டர். 235/75 ஆர்15 டயருக்கு ஏறத்தாழ 733. வித்தியாசம் 30. ஹவுசிங்குக்குக் கிடைப்பது 15 மில்லிமீட்டர், ஒரு விரல் தடிமன். இதற்கு நாலு டயர் விலை கொடுக்க வேண்டும், ஸ்டெப்னியையும் சேர்த்தால் ஐந்து. ஸ்பீடாமீட்டர் நாலு சதவிகிதம் குறைத்துக் காட்டும், 80 என்று காட்டும்போது வண்டி 83க்கு மேல் ஓடும். சரக்கு வண்டியாகப் பதிவானதென்றால் டயர் அளவும் பதிவில் இருக்கும். இருக்கிற டயர் தேய்ந்து எப்படியும் மாற்றவேண்டிய நேரம் வந்தால் மட்டும், உற்பத்தியாளரே அதே வண்டியின் வேறு ரகத்துக்குக் கொடுக்கும் பெரிய அளவைப் போட்டுக்கொள்வது நியாயம். அதற்காகவே நல்ல டயரைக் கழற்றுவது நியாயமில்லை.

ஆகவே முதல் வேலை, செலவில்லாத வேலை. மழைத்தடத்தில் ஓடிய வண்டியைக் கழுவுவதற்கு முன் அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். சேறு வழித்தெடுக்கப்பட்டுப் பளபளக்கும் இடங்கள்தான் இடித்த இடங்கள். டிஃபரன்ஷியலின் அடிவயிறு மட்டும் தேய்ந்திருந்தால் சஸ்பென்ஷனில் கைவைப்பதில் பயன் இல்லை. சைலன்சர், பெட்ரோல் அல்லது டீசல் டேங்கின் காப்புத் தகடு, டிரான்ஸ்ஃபர் கேஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம், முன் பம்பரின் கீழ்விளிம்பு ஆகியவை தேய்ந்திருந்தால் சஸ்பென்ஷனைப் பேசலாம். சைலன்சர் மட்டும்தான் என்றால் தொங்குகிற ரப்பரை மாற்றினாலே வேலை முடிந்தது.

இரண்டாவது வேலையும் செலவில்லாதது. வண்டி கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த உயரம் இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பது. பத்துப் பன்னிரண்டு வருடம் தண்ணீர் டேங்கும் செங்கலும் சுமந்த பிக்கப்பின் பட்டைகள் தொய்ந்துதான் இருக்கும். சமதரையில், காலி வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டின் விளிம்புவரை டேப் பிடித்து நாலு மூலையையும் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். சக்கர மையத்திலிருந்து அளப்பதால் டயர் காற்றும் தேய்மானமும் கணக்கைக் கெடுக்காது. இடதும் வலதும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வேறுபட்டால் ஏதோ ஒரு கட்டு தளர்ந்துவிட்டது, அல்லது ஒரு பட்டை முறிந்திருக்கிறது. முறிந்த பட்டை கிளிப்புக்குள் ஒளிந்துகொண்டு வெளியே தெரியாமலே வருடக்கணக்கில் ஓடும். கட்டைக் கழற்றினால் மெயின் பட்டையின் இரண்டு கண்களுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துக் கட்டி, நூலிலிருந்து பட்டையின் நடுவரை அளந்தால் வளைவு எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துவிடும். இரண்டு பக்கத்துக் கட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நூல்கூட வேண்டாம், கண்ணுக்கே தெரியும்.

இந்த அளவெடுப்பைச் செய்பவர்கள் அரிது. அதைச் செய்தால் பல வண்டிகளில் தேடிய இரண்டு அங்குலத்தில் ஒன்றோ ஒன்றரையோ ஏற்கெனவே தொய்வில் போயிருப்பது தெரியவரும். அப்போது வேண்டியது லிஃப்ட் அல்ல, இழந்ததை மீட்பது. அதில் வண்டியின் எந்தக் கோணமும் கெடாது. ஏனென்றால் ஸ்டீயரிங்கும் பிரேக்கும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் அந்த உயரத்துக்குத்தான் வடிவமைக்கப்பட்டவை. சட்டமும் குறுக்கே வராது.

மீட்பதற்கு ஸ்பிரிங் பட்டறைக்குத்தான் போக வேண்டும். நெடுஞ்சாலை ஓரத்து ஊர்களில் பட்டை வேலை மட்டுமே செய்யும் கைகள் இன்னும் இருக்கிறார்கள், அது நமக்குப் பெரிய கொடை. அவர்கள் செய்வது இரண்டு விதம். ஒன்று, பட்டையைக் குளிர்ந்த நிலையிலேயே பட்டடையில் வைத்துச் சம்மட்டியால் சீராகத் தட்டி வளைவு ஏற்றுவது. விலை குறைவு, ஒரு நாளில் வேலை முடியும். ஆனால் எஃகு சோர்ந்திருந்தால் சில மாதங்களில் மறுபடி தொய்ந்துவிடும், சம்மட்டி பதிந்த வடுவிலிருந்து விரிசலும் கிளம்பலாம். மற்றது முறையான சூட்டு வேலை. சிலிகான்-மாங்கனீசு கலந்த ஸ்பிரிங் எஃகை 850 டிகிரிக்கு மேல் செக்கச் சிவக்கக் காய்ச்சி, வளைத்து, எண்ணெயில் அமிழ்த்தி, பிறகு 400 முதல் 500 டிகிரிவரை மறுபடி சூடேற்றிப் பதம் செய்வது. எண்ணெயில் அமிழ்த்துவது கடினத்தைக் கொடுக்கிறது, பின்னால் வரும் சூடு முறியாத தன்மையைக் கொடுக்கிறது. இந்த இரண்டாவது சூட்டை விட்டுவிட்டால் பட்டை கண்ணாடித் தண்டு மாதிரி ஒரு பள்ளத்தில் படீரென்று முறியும்.

இவை இரண்டிலும் சேராத ஒரு குறுக்கு வழி உண்டு. வண்டியில் இருந்தபடியே பட்டையின் நடுவை கேஸ் தீயால் சூடாக்கி வளைப்பது. சூடு பட்ட இடத்தில் எஃகின் பதம் போய்விடுகிறது, அந்த இடம் வெறும் இரும்பாகிவிடுகிறது. இதைச் செய்ய எந்தப் பட்டறைக்காரர் முன்வந்தாலும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். பட்டையில் வெல்டிங் வைப்பதும் அதே ரகம்.

பட்டறைக்குப் போன சமயத்திலேயே புஷ், ஷேக்கிள் பின், சென்டர் போல்ட், யூ போல்ட் ஆகியவற்றைப் புதிதாகப் போட்டுவிட வேண்டும். நீண்டு முறுக்கிய யூ போல்ட்டைத் திரும்பப் பயன்படுத்துவது பட்டை வேலையில் அடிக்கடி நடக்கும் சிக்கனம். அதுவே மிக மோசமான சிக்கனமும். ஆக்சிலைப் பட்டையோடு பிடித்து வைத்திருப்பது அந்த நாலு யூ போல்ட்டுகள்தான். அவை தளர்ந்தால் சென்டர் போல்ட்டின் தலை வெட்டுப்பட்டு ஆக்சில் பின்னுக்கு நழுவும். பட்டைகளுக்கு இடையில் ஏறிய துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு கிராஃபைட் கிரீஸ் தடவிக் கட்டினால் வண்டி மெத்தென்று ஓடுவதையும் உணரலாம். இவ்வளவும் சில ஆயிரங்களில் அடங்கும் வேலை. ஆஸ்திரேலியாவிலிருந்து இறக்குமதியாகும் முழு லிஃப்ட் கிட் ஒன்றைப் பிக்கப்புக்கு வாங்கினால் லட்சத்தைத் தொட்டுவிடும்.

மீட்ட பிறகும் போதவில்லை என்றால்தான் உண்மையான லிஃப்ட். பட்டைக் கட்டுள்ள வண்டியில் மலிவான வழிகள் மூன்று. கட்டுக்குள் கூடுதலாக ஒரு பட்டையைச் சேர்ப்பது முதலாவது. நம் ஊரில் லோடு வண்டிக்காரர்கள் நெடுநாளாகச் செய்வது, செய்யத் தெரிந்த கைகளும் உண்டு. எப்போதும் பாரத்தோடு ஓடும் வண்டிக்கு இது பொருந்தும். காலியாக ஓடினால் பின்பக்கம் குதித்துக்கொண்டே வரும், மண்தடத்தில் குதிக்கும் டயருக்குப் பிடிமானம் இருக்காது. நாலு வீல் டிரைவ் வாங்கியதன் பயனையே அது அரைகுறையாக்கிவிடும். இரண்டாவது, நீளமான ஷேக்கிள். 5 சென்டிமீட்டர் நீளத்தைக் கூட்டினால் உயரம் இரண்டரை சென்டிமீட்டர்தான் கூடும், ஏனென்றால் பட்டையின் ஒரு முனைதான் இறங்குகிறது. கூடவே ஆக்சிலும் சிறிது சுழன்றுவிடும். முன் ஆக்சிலில் இப்படிச் சுழன்றால் ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பும் தன்மை மாறும். நெடுஞ்சாலையில் கை நடுங்க ஓட்ட வேண்டியிருக்கும். முன்பக்கத்துக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவது, ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே வார்ப்புக் கட்டை வைப்பது. பின்பக்கத்தில், ஆக்சிலுக்கு மேலே பட்டை அமர்ந்திருக்கும் வண்டியில், ஒரே ஒரு கட்டையாக, அதற்கேற்ற நீளமான புது யூ போல்ட்டோடு 4, 5 சென்டிமீட்டர்வரை வைத்தால் பெரும்பாலும் பிரச்சினை வராது. கட்டைமேல் கட்டை வைத்து அடுக்குவதும், மரத்துண்டு வைப்பதும், முன் ஆக்சிலில் வைப்பதும் உயிரோடு விளையாடுவது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் ஆக்சிலை முறுக்குகிறது. அந்த முறுக்கு முழுவதும் கட்டையின் மேல்முனையில் நெம்புகோலாக வேலை செய்யும். பிரேக் விசை அதிகம் விழுவது முன்பக்கத்தில், திருப்பும் விசை விழுவதும் அங்கேதான். முன்பக்கக் கட்டை உருண்டுவிட்டால் ஸ்டீயரிங்கே கையில் இருக்காது.

ஜிப்சியில் பட்டை ஆக்சிலுக்குக் கீழே இருக்கும். அதை மேலே மாற்றிக் கட்டினால் ஏறத்தாழ ஐந்து அங்குலம் கிடைக்கும் என்பதால் உலகமெங்கும் அந்த வண்டிக்காரர்கள் அதைச் செய்கிறார்கள். பாகச் செலவு குறைவு. ஆனால் ஹவுசிங்கில் புதிய இருக்கைத் தகடுகளைக் கோணம் பார்த்து வெல்டிங் செய்ய வேண்டும், ஸ்டீயரிங் ராடுகளையும் மாற்றியமைக்க வேண்டும். அரைகுறைப் பட்டறையில் செய்யக்கூடாத வேலை. ஐந்து அங்குலம் தேவைப்படும் தடம் இந்த மாவட்டத்தில் எனக்குத் தெரிந்து இல்லை.

முன்பக்கம் தனித்தனிச் சக்கர அமைப்புள்ள வண்டிகளில் கதை வேறு. 2010இல் வந்த பழைய தாரில் முன்பக்கம் டார்ஷன் பார். ஒரு போல்ட்டைத் திருகினாலே முன்பக்கம் எழும்பிவிடும், காசே ஆகாது. அதனாலேயே அளவுக்கு மீறித் திருகுகிறார்கள். திருகும்போது ஸ்பிரிங்கின் வலிமை கூடுவதில்லை, சக்கரம் மேலும் கீழும் போகும் மொத்தத் தூரமும் கூடுவதில்லை. மேலே போகும் தூரத்தைக் கூட்டி, கீழே தொங்கும் தூரத்தைக் கடன் வாங்குகிறோம், அவ்வளவுதான். முழுக்கத் திருகிய வண்டியில் சக்கரம் பள்ளத்தில் இறங்க இடமில்லாமல் அந்தரத்தில் நிற்கும், பால் ஜாயிண்ட்டும் ஆக்சில் ஷாஃப்ட்டின் ரப்பர் உறையும் சீக்கிரம் கிழியும். தொய்ந்ததை மீட்கும் அளவுக்குத் திருகி, உடனே வீல் அலைன்மென்ட் பார்த்துவிட்டால் நல்லது. இசுசு டி-மேக்ஸ் போன்ற காயில் ஸ்பிரிங் வண்டிகளில் ஸ்ட்ரட்டின் தலையில் வளையம் வைப்பவர்கள், வளையத்தின் தடிமனைப்போல ஏறத்தாழ இரு மடங்கு உயரம் ஏறும் என்பதை மறந்துவிடக் கூடாது. ஸ்ட்ரட் கீழ்க்கையின் நடுப்பகுதியில் பிடித்திருப்பதால் அப்படி.

பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவே உருளை வைத்துப் பாடியை மட்டும் தூக்குவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெரிய டயருக்கு இடம் கிடைக்கும். தடத்தில் இடிக்கும் எந்தப் பாகமும் உயராது.

எல்லா விதத்திலும் மறந்துபோகும் ஒரு சிறிய பாகம் இருக்கிறது. பல பிக்கப்புகளின் பின்பக்கம், சேசிஸில் ஒரு பிரேக் வால்வு பொருத்தப்பட்டு, அதிலிருந்து ஒரு மெல்லிய கம்பி ஆக்சிலுக்கு இறங்கும். லோடு சென்சிங் வால்வு என்பார்கள். பாரம் ஏற ஏறப் பின்பக்கம் தாழும், கம்பி வால்வைத் தள்ளும், பின்சக்கரத்துக்குப் பிரேக் விசை கூடும். காலியாக ஓடும்போது பின்பக்கம் எழும்பி இருக்கும், விசை குறையும், பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழலாமல் அது காக்கும். இப்போது பின்பக்கத்தை 5 சென்டிமீட்டர் தூக்கிவிட்டு அந்தக் கம்பியை அப்படியே விட்டால் என்ன ஆகும்? ஒரு டன் ஏற்றியிருந்தாலும் வண்டி காலியாக இருக்கிறது என்றே வால்வு நினைத்துக்கொள்ளும். பின் பிரேக் பாதிக்குத்தான் வேலை செய்யும். ஓட்டுநர் பெடலில் எந்த வித்தியாசத்தையும் உணரமாட்டார், வண்டி நிற்கும் தூரம் மட்டும் நீளும். ஆக்சிலில் அந்தக் கம்பியைப் பிடித்திருக்கும் தாங்கியை, உயர்த்திய அளவுக்கே ஏற்றிப் பிடித்தால் சரியாகிவிடும். அரை மணி நேர வேலை. அதை யாரும் கேட்பதில்லை, யாரும் செய்வதில்லை.

பிரேக் ஹோஸும் அதே கதை. ஜாக்கி வைத்துச் சேசிஸைத் தூக்கி, சக்கரத்தை முழுக்கத் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். ஹோஸ் நாண்போல இழுபட்டு நின்றால் நீளமானது மாற்றியாக வேண்டும். ஷாக் அப்சார்பரும் அந்த நிலையில் தன் கடைசி நீளத்தைத் தொட்டிருக்கக் கூடாது. புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ்கள் கோணம் கூடினால் நடுக்கம் கொடுக்கும், ஊசித் தாங்கிகள் தேய்ந்து ஒரு நாள் விட்டுவிடும். பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே மெல்லிய எஃகு ஆப்பு வைத்துப் பினியனின் கோணத்தைத் திருத்துவது பழக்கமான தீர்வு.

இனி, இந்த ஊருக்கே உரிய இரண்டு விஷயங்கள்.

பட்டாசு பாரமில்லாத சரக்கு, இடத்தை அடைக்கும் சரக்கு. அட்டைப்பெட்டிகள் வண்டியின் கூரைக்கும் மேலே அடுக்கப்படும். வண்டி கவிழாமல் நிற்பதைத் தீர்மானிப்பது சக்கர இடைவெளிக்கும் எடை மையத்தின் உயரத்துக்கும் உள்ள விகிதம். இடைவெளி 1.4 மீட்டர், எடை மையம் 75 சென்டிமீட்டர் உயரத்தில் என்று வைத்துக்கொண்டால், அந்த மையம் 80க்கு ஏறும்போது கவிழ்வதைத் தாங்கும் திறன் ஆறு சதவிகிதத்துக்கு மேல் குறைகிறது. அதன்மேல் கூரைக்கு மேலே சரக்கும் ஏறினால் அந்தத் திறன் இன்னும் இறங்கும். உயர்த்திய வண்டியில் பட்டாசுப் பெட்டி ஏற்றக் கூடாது என்பது என் தீர்மானமான கருத்து. வெடிபொருள் ஏற்ற உரிமம் பெற்ற வேன்களின் பேச்சே வேண்டாம். அவற்றின் கட்டமைப்பு பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் ஒப்புதலுக்கு உட்பட்டது, ஒரு போல்ட்டைக்கூட நம் விருப்பத்துக்கு மாற்றக் கூடாது.

இரண்டாவது இன்னும் முக்கியம். இந்த வட்டாரத்துப் பிக்கப்பின் பின்தொட்டி என்னென்ன சுமந்திருக்கும் என்று உரிமையாளருக்கே முழுதாகத் தெரியாது. பழைய வண்டியாக வாங்கியவருக்கு அறவே தெரியாது. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி எல்லாம் பலகை இடுக்கிலும் சேசிஸ் குழாயின் உள்பக்கத்திலும் தூசாக ஒட்டிக்கொண்டு வருடக்கணக்கில் கிடக்கும். அந்த வண்டியில் கிரைண்டர் பொறி பறந்தால் என்ன நடக்கும் என்பதை இந்த ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆகவே வெல்டிங்கும் வெட்டலும் தேவைப்படாத, போல்ட்டை அவிழ்த்து முடுக்கினாலே முடிகிற முறைகளை மட்டும் தேர்ந்தெடுப்பதே இங்கே அறிவுடைமை. பட்டையைக் கழற்றிப் பட்டறைக்கு எடுத்துப் போகலாம், நெருப்பு வண்டிக்குப் பக்கத்தில் வரவேண்டிய அவசியமே இல்லை. வெல்டிங் தவிர்க்க முடியாத வேலை என்றால் அந்த லிஃப்ட் முறையையே தவிர்த்துவிடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களோடு பதிவுச் சான்றிதழ் முரண்படும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரள உயர் நீதிமன்றம் இதில் சிறிது தளர்வு காட்டியிருந்தது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஜெயச்சந்திரா வழக்கில் அந்தத் தளர்வை நீக்கியது. அதே ஆண்டின் சட்டத்திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. ஆர்.சி.யில் உயரம் எழுதியிருக்கவில்லையே என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதம் சாலையில் நிறுத்தும் ஆய்வாளரிடம் எடுபடலாம், எடுபடாமலும் போகலாம். விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் சர்வேயரிடம் அதை நம்பி நிற்க முடியாது. சொல்லாமல் செய்த மாற்றம் இழப்பீட்டை மறுக்க ஒரு காரணமாகிவிடும்.

ஆஸ்திரேலியாவில் பெரும்பாலான மாநிலங்கள் 50 மில்லிமீட்டர்வரையிலான உயர்வைத் தனிச் சான்றிதழ் இல்லாமலே ஏற்கின்றன, அதற்கு மேல் போனால் பொறியாளரின் கையெழுத்து கேட்கின்றன. அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலம் 2021இல் முன்பக்கத்தை மிகையாகத் தூக்கிப் பின்பக்கத்தைத் தாழ்த்தும் மோகத்தைத் தடை செய்தது. இரண்டுமே அளவைச் சொல்லும் சட்டங்கள். நம்மிடம் அளவு இல்லாததால், வண்டியை அளவோடு ஒழுங்காக உயர்த்தியவரும் கட்டைமேல் கட்டை அடுக்கியவரும் ஒரே தட்டில் நிற்கிறார்கள். ஒழுங்கானவருக்கு ஒரு சான்றிதழ் வழி வேண்டும். அதைக் கேட்பதில் தவறில்லை.

உயரம்தான் எல்லாம் என்று நினைப்பவர்கள் பக்கத்து மாவட்டத்தைப் பார்க்கலாம். தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைக்கு, கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து கல்லும் குழியுமான பாதையில் ஜீப்புகள் நாள்தோறும் ஏறுகின்றன. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போவதும் ஜீப்புகள்தான். அவற்றை ஏற்றுவது உயரமான பட்டை அல்ல. குறைந்த கியரில் நிதானமாக ஊர்வதும், எந்தக் கல்லின்மேல் எந்தச் சக்கரத்தை வைப்பது என்று ஓட்டுநருக்குத் தெரிந்திருப்பதும்தான். கரிசல் தடத்திலும் அதே கலை. இரண்டு பள்ளத்திலும் இரண்டு சக்கரத்தையும் இறக்கினால் நடுமேடு இடிக்கும். ஒரு பக்கச் சக்கரத்தை நடுமேட்டின்மேலும் மறுபக்கத்தைத் தடத்தின் வெளிவிளிம்பிலும் வைத்து ஓட்டினால் டிஃபரன்ஷியல் தப்பும். டயர் காற்றை 35 பி.எஸ்.ஐ.யிலிருந்து 20 பக்கம் இறக்கினால் டயர் பரந்து மிதக்கும், தார்ச்சாலை ஏறியதும் திரும்ப அடித்துக்கொள்ள வண்டியில் ஒரு சின்ன கம்ப்ரஸர் இருந்தால் போதும். ஆக்சிலின் காற்றுத் துளையில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி மேலே ஏற்றிவிட்டால் வைப்பாற்றுத் தண்ணீரில் இறங்கும்போது ஹவுசிங்குக்குள் நீர் புகாது. உயரத்துக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு துளிதான் இதற்கெல்லாம்.

மலையடிவாரத்துக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் உண்டு. 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் தோப்புகளின் முதுகிலேயே தொடங்குகிறது. உயரமான வண்டி கிடைத்துவிட்டது என்று வனத்தடத்தில் அனுமதியின்றி இறங்குவது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

எல்லாம் பார்த்து, மீட்பும் அதன்மேல் அரை அங்குலமோ ஓர் அங்குலமோ உயர்வும் செய்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில் வீல் அலைன்மென்ட். அன்றைக்கே மாலையில் ஒரு சுவரின் முன்னால் வண்டியை நிறுத்தி ஹெட்லைட் ஒளியை இறக்கி வைக்க வேண்டும். மூக்கு தூக்கிய வண்டியின் லோ பீம் எதிரே வரும் இருசக்கர வண்டிக்காரரின் கண்ணில் நேராக அடிக்கும். சிவகாசி–சாத்தூர் சாலையில் இரவில் வேலை முடிந்து திரும்புவோரில் பலர் இருசக்கர வண்டியில்தான் வருகிறார்கள். வழக்கமாக ஏற்றும் லோடை ஏற்றி, முன்பு எழுதி வைத்த நாலு அளவுகளை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். பாரத்தில் ஆக்சில் பம்ப் ஸ்டாப் ரப்பரைத் தொடுகிறதென்றால் பட்டறைக்குத் திரும்பிப் போகத்தான் வேண்டும். முதல் 500 கிலோமீட்டர் ஓடியதும் எட்டு யூ போல்ட் நட்டுகளையும் டார்க் ரெஞ்சில் மீண்டும் முடுக்க வேண்டும். புதிதாகக் கட்டிய பட்டைக் கட்டு அதற்குள் அமர்ந்து தளர்ந்திருக்கும்.